ஒன்பது பத்துக்கு வரும் பார்வையாளர்

நம் கோப்பில் ‘நம்முடைய கணினிகள்’ என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் எட்டாவது வரி ‘முன்மேசை’. பழைய இரும்புக்குப் போய்ப் பல வருடமாகிவிட்ட ஒரு கணினி ஏன் இன்னும் பட்டியலில் இருக்கிறது என்று புதிதாகச் சேர்ந்த உங்களில் ஒருவர் கேட்டார். மற்ற இருவரும் சிரித்தீர்கள். பிறகு சொல்கிறேன் என்றேன். வெள்ளிக்கிழமையோடு நான் இந்த வேலையை விடுகிறேன். முப்பத்திரண்டு ஓய்வு பெறும் வயதில்லை. ஆனாலும் இந்தத் தொழிலிலிருந்து எனக்கு இது ஓய்வுதான், இனி கல்லூரியில் பாடம் சொல்லப் போகிறேன். எனவே ‘பிறகு’ என்பது இப்போதுதான்.

சர்வர் விவரங்கள், அறிக்கை தயாரிக்கும் முறை எல்லாம் கோப்பில் ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறேன். இது அதில் சேராதது.

நான் சேர்ந்தபோது அலுவலகம் கொச்சி மட்டாஞ்சேரியில், ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில் இருந்தது. மரப்படி. பகலிலும் படியில் இருட்டு. கீழே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சுக்கைத் தரம் பிரிப்பார்கள். அந்தத் தூசி தளப்பலகையின் இடுக்கு வழியாக ஏறி விசைப்பலகைகளின் மேல் படியும். மழைக்காலத்தில் ஜன்னல்களைச் சாத்திவிட்டால் திரைகளின் வெளிச்சம் மட்டும்தான். எங்கள் முதலாளியை எல்லோரும் சேட்டன் என்று கூப்பிட்டோம். முன்மேசையில் ரெஜினா சேச்சி. உள்ளே ஏழு கணினிகள், ஏழு பேர்.

கீழே சுக்குப் பிரிப்பவர்களில் ஒருவர் சரசக்கா. பள்ளுருத்தியில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருப்பவர். எங்களைப் போலவே தமிழ் பேசும் குடும்பம். அவர் கணவர் முருகேசன் மாநகராட்சியில் துப்புரவுப் பணியாளர். ஒரு மழைக்காலக் காலையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார், கைவண்டியைத் தள்ளிக்கொண்டு கடைத்தெருவுக்கு வந்தார். அந்த வண்டியின் ஒரு சக்கரம் கிறீச்சிடும். தெருவில் பலரும் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறார்கள். சத்தம் நின்றதை யாரும் கவனிக்கவில்லை. வண்டி ஓரமாக நின்றது. துடைப்பம் அதன்மேல் நேராக வைக்கப்பட்டிருந்தது. அவர் இல்லை.

ஆறு வருடம் கழித்து, எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு இணையத்தளம் செய்யும் வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. நான் அதில் ஒரு பக்கம் கூடுதலாகச் சேர்த்தேன். ‘காணவில்லை’ என்று தலைப்பு, ஸ்டுடியோவில் எடுத்த முருகேசனின் படம், கீழே நாலு வரி. முடித்ததும் சரசக்காவை மேலே அழைத்து முன்மேசைக் கணினியில் காட்டினேன். தொலைபேசி இணைப்பின் வேகம் உங்களுக்குத் தெரியாது. படம் மேலிருந்து கீழாக, கீற்றுக் கீற்றாக வரும். முதலில் முடி, பிறகு நெற்றி. கண்கள் வந்ததும் சரசக்கா திரும்பிக்கொண்டார்.

“போதும் மோளே. ஊரு பாக்கட்டும். நான் பாத்தாச்சு.”

இனி, வாடிக்கையாளர் தளங்களுக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று நாங்கள் எண்ணிய முறை. வாடிக்கையாளரின் ஒவ்வொரு பக்கத்திலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொட்டுப் படம் வைப்போம். யாராவது பக்கத்தைத் திறந்தால் அந்தப் பொட்டு எங்கள் சர்வரிலிருந்து போகும். போகும்போதே அவருடைய பிரவுசரில் ஓர் எண்ணை வைத்துவிட்டு வரும். அதுதான் குக்கி. அடுத்த முறை அதே கணினி வந்தால் அதே எண்ணைக் காட்டும். எங்கள் கணினிகளில் மட்டும் எண்ணுக்குப் பதிலாக ‘நம்முடையது’ என்ற குறியை வைத்திருந்தோம். அந்தக் குறி இருந்தால் எண்ணுவதில்லை. அந்தப் பட்டியலை எழுதியது நான். ஏழு வரி.

முதல் மாத அறிக்கையில் முருகேசனின் பக்கத்துக்கு ஒரே ஒரு பார்வையாளர் இருந்தார். எண் நானூற்றுப் பன்னிரண்டு. ஞாயிறு தவிர ஒவ்வொரு நாளும், காலை ஒன்பது பத்து வாக்கில். அந்தப் பக்கத்தை மட்டும் திறந்தார். வேறெதையும் தொடவில்லை.

நான் சரசக்காவிடம் சொன்னேன். என் முதல் தவறு அது. யாரும் கேட்காமல், சந்தோஷமாக, படியில் நின்றபடி சொன்னேன்.

அன்றிலிருந்து மதிய இடைவேளையில் கை கழுவிவிட்டு மேலே வருவார். கதவருகிலேயே நிற்பார்.

“இன்னிக்கு வந்தாரா?”

“வந்தாங்கக்கா. ஒன்பது பன்னெண்டுக்கு.”

“ரெண்டு மினிட்டு லேட்டு,” என்பார் மற்றவர்களைப் பார்த்துப் பெருமையாக. “வேலைக்கும் இப்படித்தான் போவாரு.”

நானும் ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினேன். பட்டியல் போடாமல் எனக்கு எதையும் யோசிக்க வராது. ஞாயிறு வருவதில்லை: உட்காரும் பிரவுசிங் சென்டர் விடுமுறையாக இருக்கும். ஹர்த்தால் நாளில் வருவதில்லை: கேரளத்துக்குள்தான் இருக்கிறார். பெருமழை நாளில் ஒன்பதரை ஆகிறது: நடந்தோ படகிலோ வருகிறார். அவருடைய இணைய இணைப்பின் எண் (ஐ.பி.) தினமும் மாறினாலும் எப்போதும் எர்ணாகுளத்துத் தொகுப்புதான்: இந்த ஊரிலேயே இருக்கிறார். ஒவ்வொரு வரி எழுதும்போதும் அவர் ஒரு படி அருகில் வந்தார். ஒரு வாரம் வரவே இல்லை. சரசக்கா காய்ச்சலாயிருக்கும் என்று கோயிலில் நேர்ந்துகொண்டார்; அடுத்த திங்கட்கிழமை எண் திரும்பி வந்தது. மதியம் எல்லோருக்கும் பாயசம் கொண்டுவந்தார். நானும் குடித்தேன்.

இதற்கிடையில் முருகேசன் போய் ஏழு வருடம் நிறைந்தது. ஏழு வருடம் தகவல் இல்லையென்றால் சட்டப்படி இறந்தவராகக் கொள்ளலாம். மாநகராட்சியில் மனைவிக்கு வாரிசு வேலை கேட்கலாம். சரசக்காவுக்குச் சுக்குத் தூசியால் இருமல் முற்றியிருந்தது. கிடங்கிலும் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். மிச்சம் மூன்று பேர்தான், அடுத்தது அவர்தான் என்று எல்லோருக்கும் தெரியும். சங்கத்துச் செயலாளர் மனுவைத் தயாரித்து, பிரமாணப் பத்திரத்தையும் தட்டச்சு செய்து கொடுத்தார். கையெழுத்து மட்டும் பாக்கி. கொடுப்பதற்குக் கெடு மாதக் கடைசி.

சரசக்கா அந்தத் தாளை மேலே கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

“இதுல என்ன எழுதியிருக்குன்னு படி.”

‘கடந்த ஏழு ஆண்டுகளாக அவரைப் பற்றிய எந்தத் தகவலும் எனக்குக் கிடைக்கவில்லை என்று சத்தியமாகக் கூறுகிறேன்’ என்று படித்தேன்.

“எனக்குத் தகவல் இருக்கே. நீதானே தினமும் சொல்ற. பொய்ச் சத்தியம் வைக்க எனக்கு ஆவாது.”

“அக்கா, அது அவருதான்னு நான் சொல்லலையே.”

“இல்லன்னும் சொல்லலையே.”

தாளை என் மேசையிலேயே விட்டுவிட்டு இறங்கிப் போனார்.

புதிய பிரவுசர் வந்தது இந்தச் சமயத்தில்தான். அதன் விதி உங்களுக்கு இன்று சாதாரணம், எங்களுக்கு இடி. பார்க்கிற தளம் வைக்கும் குக்கியை அது ஏற்கும். வேறு முகவரியிலிருந்து வரும் குக்கியை, அது எதற்கு என்று சொல்லும் முறையான பிரகடனம் கூடவே இல்லாவிட்டால், வாசலிலேயே திருப்பி அனுப்பும். எங்கள் பொட்டு வந்ததோ வேறு முகவரியிலிருந்து. புதிய பிரவுசர் பரவப் பரவ எங்கள் அறிக்கைகளில் ஒரு விநோதமான நோய் கண்டது. திரும்பி வருபவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். எல்லோரும் முதல்முறை வருபவர்கள். நூறு பேர் வருகிறார்கள், ஒருவர்கூட இதற்கு முன் வந்ததில்லை, ஒருவரும் மறுபடி வரப்போவதுமில்லை. போர்ட் கொச்சியில் விடுதி நடத்துபவர் போன் செய்து, “என்னோட பழைய கஸ்டமர் எல்லாம் செத்துப்போனாங்களா?” என்று கத்தினார். எங்கள் கணினிகளில் இருந்த குறியும் செல்லாமல் போனதால் நாங்களும் எங்கள் அறிக்கைகளில் அந்நியர்களாக வந்துபோனோம்.

நானூற்றுப் பன்னிரண்டாம் எண் ஒரு சனிக்கிழமை கடைசியாக வந்தது. திங்கட்கிழமை ஒன்பது பத்துக்கு ஒரு புதிய எண். செவ்வாய் ஒன்பது பதினொன்றுக்கு இன்னொரு புதிய எண். புதன், வியாழன், வெள்ளி. தினமும் ஒரு புதியவர் அதே நேரத்தில் வந்து, அதே படத்தைப் பார்த்துவிட்டு, என்றைக்குமாகப் போனார்.

“இன்னிக்கு வந்தாரா?”

“யாரோ வந்தாங்கக்கா. ஆனா அதே ஆளுன்னு சொல்ல முடியாது. புது ஆளு மாதிரி காட்டுது.”

“புது ஆளு எதுக்கு மோளே அவரோட நேரத்துக்கு வரணும்?”

அதை அவர் தாழ்ந்த குரலில் கேட்டார். அதற்குப் பிறகு மாலையில் அந்த இருட்டுப் படியில் தனியாக இறங்கும்போது வேகமாக இறங்கினேன்.

சேட்டன் ஒரு வழி சொன்னார். “அந்தப் பிரகடனத்த வேற ஒரு சைட்ல இருந்து எடுத்து ஒட்டுடீ. ஒரு மணிக்கூர் வேல. பிரவுசர் அதப் படிச்சு உண்மையா பொய்யான்னு விசாரிக்கவா போகுது?”

விசாரிக்காதுதான். அன்றைக்குப் பலர் செய்தது அது. நானும் ஒரு மாதிரியை எடுத்துத் திறந்தேன். அதன் பொருள் இது: இந்த எண்ணை எந்தத் தனி மனிதரோடும் நாங்கள் சேர்த்துப் பார்ப்பதில்லை. பக்கத்திலேயே என் நோட்டு திறந்திருந்தது. அதில் ஓர் எண்ணுக்கு நேராக நான் ஒரு மனிதரின் பெயரை எழுதியிருந்தேன். கீழ்த்தளத்தில் ஒரு பெண் வேலையே போனாலும் பரவாயில்லை என்று ஒரு வரியில் கையெழுத்துப் போட மறுத்துக்கொண்டிருந்தார்.

ஒட்டவில்லை. “எழுதறது பொய்யாயிடும் சேட்டா” என்றேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார், பத்து நாள் கொடுத்தார். ஒவ்வொரு வாடிக்கையாளரின் சொந்த முகவரிக்குள்ளேயே எண்ணும் பொட்டை நகர்த்தினேன். இனி குக்கி வைப்பது பார்க்கிற தளமே. பிரவுசருக்கு ஆட்சேபம் இல்லை. ஏழு கணினிகளிலும் உட்கார்ந்து ஒவ்வொரு தளத்துக்கும் குறியைப் புதிதாக வைத்தேன். பட்டியலில் ஏழு டிக். தமிழ்ச் சங்கத்துத் தளம் கடைசி.

மறுநாள் ஒன்பது பத்துக்கு வந்தவருக்கு எண் முப்பத்தொன்று கிடைத்தது. அதற்கு மறுநாளும் முப்பத்தொன்று. மூன்றாம் நாளும். ஆக, ஒரே ஆள்தான்.

மாதக் கடைசிக்கு நாலு நாள் இருந்தது. அப்போது நான் செய்ததை யாரிடமும் கேட்டுச் செய்யவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள், அது சரியாகவும் இருந்திருக்கும். முப்பத்தொன்றாம் எண் வந்தால் மட்டும் படத்துக்குக் கீழே சில வரிகள் தெரியும்படி செய்தேன். தமிழ் எழுத்துரு எல்லாக் கணினியிலும் இருக்காது என்பதால் அதைப் படமாகவே செய்து வைத்தேன்.

‘தினமும் வருகிறீர்கள். நீங்கள் யார்? பயப்பட வேண்டாம். வீட்டில் யாருக்கும் கோபமில்லை.’

மறுநாள் காலை, அறிக்கையைக் கண் முன்னால் பார்த்துவிட வேண்டுமென்று வழக்கத்தைவிட அரைமணி முன்னதாகப் போனேன். நல்ல மழை. கிடங்கில் இன்னும் யாரும் வரவில்லை. அலுவலகக் கதவு திறந்திருந்தது, விளக்கு போடவில்லை. ரெஜினா சேச்சியின் குடை மூலையில் சொட்டிக்கொண்டிருந்தது, சேச்சி இல்லை. “சேச்சி?” என்றேன். உள்ளே போவதற்கு முன்மேசையைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். சுற்றினேன்.

திரையில் முருகேசனின் முடி வந்திருந்தது. நெற்றி வந்தது. கண்கள் வந்தன. நாற்காலியில் யாரும் இல்லை. விசைப்பலகையில் யார் கையும் இல்லை. மூக்கு, மீசை, சட்டைக் காலர். அதற்குக் கீழே கீற்றுக் கீற்றாக, வேறு யாருக்கும் தெரியக்கூடாத என் எழுத்துகள்.

தினமும் வருகிறீர்கள். நீங்கள் யார்?

படியில் காலடி கேட்டபோது அலறியே விட்டேன்.

“எந்தாடீ கொச்சே!” ரெஜினா சேச்சி கையில் சாயா கிளாஸோடு நின்றார். “நானே பேடிச்சுப் போனேன்.”

“சேச்சி, இதை யார் தொறந்தது?”

“யாரு தொறக்கணும்? ஸ்விட்ச் போட்டா தானே வரும். நான் போட்டுட்டு சாயா குடிக்கப் போவேன். வந்து பாத்தா இந்த ஆளு என்னையே பாத்துட்டு இருப்பான். கையும் காலும் வெறச்சிடும். உடனே க்ளோஸ் பண்ணிடுவேன்.”

“தினமுமா?”

“பின்ன? ஒரு வருஷமா. உங்க கம்ப்யூட்டர் வேலையா இருக்கும்னு நான் கேக்கல. நீதானே அன்னிக்கு சரசுவை இங்க உக்கார வச்சு என்னமோ செஞ்ச?”

செய்தது நான்தான். சரசக்காவுக்கு முகவரி தட்டத் தெரியாதே, வரும்போது பார்க்கட்டும் என்று அந்தப் பக்கத்தையே தொடக்கப் பக்கமாக வைத்திருந்தேன். விருந்தினருக்குத் தளங்களைக் காட்ட வேண்டுமென்று அந்தக் கணினி திறந்தாலே பிரவுசர் திறக்கும். அதில் யாரும் வேலை செய்வதில்லை. அதனால் எனக்கு அது கணினியாகவே தோன்றவில்லை. பட்டியலில் ஏழு பேருக்கு ஏழு கணினி.

உள்ளே போய் நோட்டைத் திறந்தேன். ஞாயிறு: அலுவலகம் விடுமுறை. ஹர்த்தால்: விடுமுறை. பெருமழையில் ஒன்பதரை: வைப்பின் தீவிலிருந்து சேச்சி வரும் படகு தாமதம். புதிய எண்கள் தொடங்கிய திங்கட்கிழமை: அதற்கு முந்தைய சனிக்கிழமை மாலை சேட்டன் எல்லாக் கணினியிலும் புதிய பிரவுசரை ஏற்றினார், முன்மேசை உட்பட. வராத அந்த ஒரு வாரத்தைப் புரட்டினேன். ‘வரவில்லை’, ‘வரவில்லை’ என்று என் கையெழுத்து. அதே பக்கத்தில் நாலு வரி கீழே, அதே பேனாவில், ‘ரெஜினா சேச்சி லீவு, ஆலுவாவில் கல்யாணம், முன்மேசை போனை நான் எடுக்க வேண்டும்.’

இரண்டையும் எழுதியது நான். நடுவே நாலு வரிதான் இடைவெளி.

சொல்லாமல் விட்டிருக்கலாம். எண் நின்றுவிட்டது என்றால் போதும். சரசக்கா மெதுவாக நம்புவார், அதற்குள் கெடு போய்விடும். மூன்று நாள்தான் இருந்தது. அந்த மதியம் அவர் கதவருகே வந்து நின்றபோது உள்ளே அழைத்து, முன்மேசை நாற்காலியில் உட்கார வைத்து, கணினியை அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். எதையும் தொடாமல் கைகளைக் கட்டிக்கொண்டேன்.

படம் தானாக வந்தது. கண்கள் வந்தபோது அவர் திரும்பிக்கொண்டார்; என்னைப் பார்த்தார், திரையைப் பார்க்கவில்லை. நான் சொன்னேன். ஒன்றுவிடாமல், வரிசையாக. பாயசத்தையும் சொன்னேன்.

அவர் திட்டுவார் என்று நின்றேன். கிழங்குபோல் தடித்துப்போன விரல்களால் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

“அப்போ யாரும் அவரைப் பாக்க வரல,” என்றார் கடைசியில். “அவருதான் தினமும் இங்க வந்து, ஆளில்லாத நாற்காலியப் பாத்துட்டுப் போயிருக்காரு. நான் கீழயே இருந்திருக்கேன்.”

“மன்னிச்சுடுங்கக்கா.”

“பேனா இருக்கா?”

அங்கேயே, அந்த மேசையிலேயே, நான் எடுத்துவந்த பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். எழுத்துக் கூட்டி மெதுவாகப் போட்டார். பிறகு கேட்டார், “இந்த மெஷினு வந்தா எண்ணாம இருக்க வழி இருக்குன்னு சொன்னியே?”

“இருக்கு. ‘நம்முடையது’ன்னு ஒரு குறி.”

“அதப் போட்டுடு. படம் வந்துட்டுப் போகட்டும். எண்ண வேண்டாம்.”

குறியை வைத்தேன். பட்டியலில் எட்டாவது வரியை எழுதினேன். நோட்டைக் கிழித்தேன். மறுநாள் ஒன்பது பத்துக்கு முருகேசனின் பக்கத்துக்கு யாரும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அறிக்கையில் பூஜ்யத்துக்குக் கீழே பூஜ்யம். சரசக்கா மதியத்தில் மேலே வருவதும் நின்றது. நான்தான் மதியம் ஆனதும் கதவைப் பார்ப்பேன்.

வேலை கிடைக்க எட்டு மாதம் ஆனது. எங்கள் அலுவலகம் இருந்த வட்டத்திலேயே துப்புரவுப் பணியில் போட்டார்கள். முதல் நாள் காலை நான் உள்ளே உட்கார்ந்திருந்தபோது முன்னறையில் ரெஜினா சேச்சி யாரிடமோ, “இரு, இப்ப வரும்” என்று சொல்வது கேட்டது. எட்டிப் பார்த்தேன். மாநகராட்சி மேலங்கி போட்டுக்கொண்டு சரசக்கா முன்மேசைக்கு எதிரே நின்றிருந்தார். சேச்சி அன்றைக்குச் சாயா குடிக்கப் போகவில்லை. தள்ளி ஜன்னலோரம் நின்றார்.

முடி வந்தது. நெற்றி வந்தது. கண்கள் வந்தன. இந்த முறை அவர் திரும்பவில்லை. முழுப் படமும் வரும்வரை நின்று பார்த்தார்.

“ஒரு நரைகூட இல்ல,” என்றார் சேச்சியிடம். “எனக்கு மட்டும் வந்துடுச்சு.”

பிறகு படத்தைப் பார்த்து, வீட்டில் சொல்வதுபோல் சொன்னார். “எனக்குப் புது வண்டி கொடுத்திருக்காங்க. சத்தமே இல்ல. போயிட்டு வாறேன்.”

படியிறங்கும் காலடி கேட்டது. ஜன்னல் வழியே பார்த்தேன். கைவண்டி ஒரு சத்தமும் இல்லாமல் கடைத்தெருவுக்குள் போய் மறைந்தது.

நீங்கள் வேண்டுமானால் பழைய அறிக்கைகளைத் தேடிப் பாருங்கள். எல்லாம் சேமிப்பில் இருக்கின்றன. அந்தப் பக்கத்தை ஒருவர் உண்மையாகவே வந்து நின்று பார்த்த நாள் அது. அன்றைக்கும் அறிக்கையில் பூஜ்யம்தான் இருக்கிறது.